கருத்தம்மா சொல்ல வந்தது

டாக்டர் மகுடேஸ்வரன் நாற்பத்திமூன்றாவது வயதில் மறுபடி மாணவரானார். வேலம்பாளையத்தில் பதினாறு வருடம் நடத்திய கிளினிக்கைப் பூட்டிவிட்டு, திருப்பூரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் குடும்ப மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தார். மூன்று வருடப் படிப்பு. கூடச் சேர்ந்த இரண்டு பேருக்கும் வயது இருபத்தைந்து, இருபத்தாறு. முதல் நாள் வார்டுக்குள் நுழைந்ததும் நர்ஸ் ஒருத்தி அவரைப் பெரிய டாக்டர் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நானும் படிக்க வந்த ரெசிடென்ட்தானுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, சின்னப் பையன்களோடு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

அவர் இந்தப் படிப்புக்கு வந்ததற்குக் காரணம் பாண்டித்துரை என்ற அயர்ன் மாஸ்டர். தேனிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர். சர்க்கரை நோய். ஆறு வருடம் மகுடேஸ்வரனிடம்தான் மாத்திரை வாங்கினார். மாலை ஷிப்டு முடிந்து வருவார், ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டுவார், மாத்திரையை எழுதி வாங்கிக்கொண்டு போவார். ஒருநாள் பாதத்தில் புண் என்று கேள்விப்பட்டபோது ஏற்கெனவே தாமதமாகிவிட்டிருந்தது. கோயம்புத்தூரில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மகுடேஸ்வரன் போய்ப் பார்த்தபோது பாண்டித்துரை கோபப்படவில்லை.

"உங்க மேல ஒண்ணும் இல்ல சார். நானும் காலைக் காட்டல, நீங்களும் கேக்கல" என்றார்.

அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். மகுடேஸ்வரனுக்கு அதன்பிறகு கிளினிக்கில் உட்காரவே முடியவில்லை. காய்ச்சலுக்கும் கைகால் வலிக்கும் ஊசி போட்டு அனுப்பும் ஒவ்வொரு தடவையும், இவர் எதைக் காட்டவில்லை, நான் எதைக் கேட்கவில்லை என்று தோன்றியது. நுழைவுத் தேர்வு எழுதினார். முதல் வருடம் கிடைக்கவில்லை. மறு வருடம் கிடைத்தது.

"குடும்ப மருத்துவமா? இத்தனை வருசமா நீங்க செஞ்சிட்டிருந்தது என்னவாமா?" என்று கேட்டாள் மனைவி கிருத்திகா. அவள் வேலம்பாளையத்திலேயே அறுபது டெய்லர்களை வைத்துக் குழந்தைகள் உடுப்பு ஏற்றுமதி செய்கிறவள். எதையும் நேராகக் கேட்டுவிடுவாள்.

"அதைத்தான் கத்துக்கலாம்னு போறேன்" என்றார் மகுடேஸ்வரன்.

பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த டாக்டர் ஜனனிக்கு முப்பத்திநான்கு வயது. மகுடேஸ்வரன் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார். ஜனனி வைத்திருந்த விதிகளில் ஒன்று, தேவையில்லாமல் ஊசி கூடாது. வேலம்பாளையத்து ஆட்கள் தங்கள் டாக்டர் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்து தேடி வந்துவிட்டு, ஊசி இல்லை என்றதும் முகம் சுளித்துப் போனார்கள். மகுடேஸ்வரன் விட்டுக்கொடுக்கவில்லை. ஏழு மாதத்தில் அவசியமில்லாமல் ஓர் ஊசிகூடப் போடவில்லை. சர்க்கரைக்காரர் யார் வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

அதனால் வீடியோ எடுக்கும் வாரம் வந்தபோது அவருக்குப் பயமே இல்லை.

பயிற்சியில் அது ஒரு பகுதி. நோயாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவர் டாக்டரிடம் பேசுவதைப் படம் பிடிப்பார்கள். பிறகு ஜனனியும் பயிற்சி டாக்டரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். மகுடேஸ்வரன் அறைக்கு அன்று வந்தது கருத்தம்மா. பாண்டித்துரையின் மனைவி. வயது நாற்பத்தாறு. ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை, நாள் முழுக்க மேஜை முன்னால் நின்று துணியில் ஓட்டை, கறை பார்ப்பது. தலைவலி என்று வந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை மதியம், ஜனனி தன் அறையில் அந்தப் படத்தைப் போட்டார். மகுடேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார்.

திரையில் கருத்தம்மா பேச ஆரம்பித்தாள். "தலைவலிதான் சார். அதோட ரெண்டு மாசமா எனக்கு..."

"தூக்கம் எப்படி இருக்குதுங்க?" என்று திரையில் மகுடேஸ்வரன் கேட்டார்.

"தூக்கம் வருது சார். நடுவுல எந்திரிக்க வேண்டியிருக்கு. அது என்னன்னா..."

"பி.பி. பாத்துடலாம். கைய நீட்டுங்க."

பி.பி. பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிற மாதிரி தெரிகிறது, சத்து மாத்திரை எழுதுகிறேன், ஊசி வேண்டியதில்லை என்று பொறுமையாக விளக்கினார். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். கருத்தம்மா எழுந்தாள். கதவு வரை போனவள், கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"இன்னொண்ணு சார்..."

திரையில் மகுடேஸ்வரன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "மருந்து கீழ ஃபார்மசியில வாங்கிக்கலாமுங்க" என்றார்.

கருத்தம்மா லேசாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

ஜனனி படத்தை நிறுத்தினார். கடைசிப் பகுதியை மறுபடி ஓட்டினார். பிறகு இன்னொரு முறை.

"வெளிய நாப்பது பேர் நின்னுட்டிருந்தாங்க மேடம்" என்றார் மகுடேஸ்வரன். குரல் அவருக்கே நன்றாக இல்லை.

"தெரியுமுங்க சார். அவங்க உள்ள இருந்தது நாலு நிமிசம். இன்னும் ஒரு நிமிசம் ஆகியிருக்கும்." ஜனனி குரலை உயர்த்தவில்லை. "மூணு தடவை சொல்ல வந்திருக்காங்க. என்ன சொல்ல வந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"இல்லீங்க."

"எனக்கும் தெரியல."

அன்று மாலை வீட்டில் மகுடேஸ்வரன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கிருத்திகா துருவித் துருவிக் கேட்டபிறகு, ஆள் பெயர் சொல்லாமல், நடந்ததை மட்டும் சொன்னார். தன்னைவிட ஒன்பது வயது சின்னவர் முன்னால் உட்கார்ந்து தன் தப்பை மூன்று முறை பார்த்ததைச் சொன்னபோது காது மடல் சிவந்துவிட்டது.

"விட்டுப்போட்டு வாங்க. யாருங்க உங்களைக் கட்டாயப்படுத்தறாங்க? கம்பெனியப் பாத்துக்கலாம், இல்லாட்டி பழையபடி கிளினிக்கைத் தொறக்கலாம்" என்றாள் கிருத்திகா.

மகுடேஸ்வரன் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு, "அந்தம்மா என்ன சொல்ல வந்தாங்கன்னு தெரியாம நான் எங்கேயும் போறதா இல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதான் கம்பெனிகளுக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு மகுடேஸ்வரன் வேலம்பாளையத்தில் பாண்டித்துரை குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனார். ஒரே வரிசையில் எட்டு வீடு, எட்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். கருத்தம்மா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்ன சார், ரிப்போர்ட்டுல எதுவும் கோளாறா?"

"ரிப்போர்ட்டெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. தப்பு என் மேலதான். அன்னைக்கு நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. நான் கேக்கல. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

வீட்டுக்குள் பாண்டித்துரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செயற்கைக் கால் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அவர் டாக்டரையும் பார்த்தார், மனைவி முகத்தையும் பார்த்தார். பிறகு காலை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"டீ வாங்கிட்டு வாரேன் சார். கடை கொஞ்சம் தள்ளித்தான் இருக்கு. நேரமாகும்" என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கருத்தம்மா தரையைப் பார்த்தபடி நின்றாள். மகுடேஸ்வரனுக்கு வாய் துறுதுறுத்தது. வயிற்று வலியா, நெஞ்சு படபடப்பா, மனசுக்குச் சரியில்லையா என்று வரிசையாகக் கேட்கப் பதினாறு வருடப் பழக்கம் உந்தியது. உட்கார்ந்திருந்த ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். வெளியே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் டி.வி. ஓடியது.

"எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு ரெண்டு வருசமாச்சு சார்" என்றாள் கருத்தம்மா கடைசியில். "இப்ப ரெண்டு மாசமா மறுபடி படுது. நாத்தமா இருக்கு. ராத்திரியில நாலு தடவை எந்திரிச்சு மாத்துறேன். கம்பெனியில வேஸ்ட் துணி கொஞ்சம் எடுத்துக்கிறேன். பக்கத்துல நிக்கிற பிள்ளைகளுக்கு வாடை அடிக்குமோன்னு தள்ளித் தள்ளி நிக்கிறேன். அதை நினைச்சு நினைச்சுத்தான் தலைவலியே."

"வேற யார்கிட்டயும் சொன்னீங்களா?"

"யார்கிட்டச் சொல்ல? இவருக்கு இருக்கிற கஷ்டத்துல இது வேறயா? உங்ககிட்டச் சொல்லிப்புடணும்னுதான் வந்தேன். வாய் வரல."

"வாய் வந்துச்சுங்க. நான்தான் விடல" என்றார் மகுடேஸ்வரன். "இதை உடனே பாக்கணுமுங்க. தள்ளிப்போடக் கூடாது."

கருத்தம்மா முதன்முதலாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பாக்கணும்னா நீங்களே பாருங்க சார். தெரியாதவுக முன்னால என்னால படுக்க முடியாது."

மகுடேஸ்வரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது உள்பரிசோதனையை எட்டிநின்று பார்த்ததோடு சரி. கிளினிக்கில் இந்த மாதிரிக் கோளாறோடு பெண்கள் யார் வந்தாலும் லேடி டாக்டரிடம் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். போனார்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"எனக்கு அந்தப் பரிசோதனை பண்ணத் தெரியாதுங்க" என்றார். ஒரு நோயாளியிடம் அவர் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஆனா கூட வர்றேன். வாசல்லயே நிப்பேன். நீங்க வெளிய வர்ற வரைக்கும் வேற வேலைக்குப் போக மாட்டேன்."

திங்கட்கிழமை கருத்தம்மா வந்தாள். மகுடேஸ்வரன் ஜனனியிடம் எல்லாவற்றையும் சொல்லி, மகப்பேறு பிரிவில் ஒரு பெண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார். சொன்னபடி வாசலில் நின்றார். கர்ப்பப்பை வாயில் சின்னதாக ஒரு கட்டி. தொட்டாலே ரத்தம் கசிந்தது. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வர எட்டு நாள் ஆகும். அந்த எட்டு நாளில் மகுடேஸ்வரன் செய்த முதல் காரியம், மகப்பேறு பிரிவின் தலைமை டாக்டரைப் போய்ப் பார்த்தது. அடுத்த மாதம் அவருக்கு அந்தப் பிரிவில்தான் இரண்டு மாதப் பயிற்சி.

"கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை நான் கையால பண்ணிக் கத்துக்கணுமுங்க மேடம்."

தலைமை டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கோர்ஸ்காரங்க இங்க வந்தா டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவாங்க, வார்டு ரவுண்ட்ஸ் வருவாங்க. அதுதான் வழக்கம். எங்க ரெசிடென்ட்ஸுக்கே கேஸ் பத்தல. அதுவும் நீங்க ஆம்பளை. பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க."

"ஒத்துக்கறவங்க ஒருத்தர் போதுங்க. அவங்ககிட்டக் கேக்கறதுக்கு மட்டும் விடுங்க. சம்மரியெல்லாம் நான் சாயந்திரம் இருந்து எழுதிக் குடுத்துடறேன்."

"லாக் புக்குல கையெழுத்துத்தானே வேணும்? அதைப் போட்டுத் தர்றேன்."

"கையெழுத்து வேண்டாமுங்க மேடம். வேலை தெரியணும்."

தலைமை டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கூட வந்திருந்த ஜனனி, பாடத்திட்டத்தில் அந்தப் பயிற்சி இருக்கிற பக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"காலையில ஏழரைக்கு ஸ்க்ரீனிங் ரூம். ரோஸ்மேரி சிஸ்டர் சொன்னாத்தான் உள்ள போகணும். அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான்" என்றார் தலைமை டாக்டர்.

ரோஸ்மேரி தூத்துக்குடிக்காரி. கிட்டத்தட்ட மகுடேஸ்வரன் வயதுதான். அந்த அறையைப் பன்னிரண்டு வருடமாக நடத்துகிறவள். முதல் நாள் அவர் கையுறை எடுக்கப் போனபோது தடுத்தாள்.

"முதல்ல நீங்க அந்த டேபிள்ல படுங்க சார்."

"நானா?"

"நீங்கதான். காலைத் தூக்கி அந்தக் கம்பியில வைங்க."

பேன்ட் சட்டையோடு படுத்தார். ரோஸ்மேரி விளக்கை அவர் கால்பக்கம் திருப்பிவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். வராந்தாவில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். ஸ்ட்ரெச்சர் ஒன்று உருண்டது. ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் அவருக்குத் தொடை இறுகியது. ஐந்து நிமிடம்தான். எழுந்தபோது சட்டைக்காலர் நனைந்திருந்தது.

"இனிமே கதவைச் சாத்தாம யாரையும் படுக்கச் சொல்ல மாட்டீங்கல்லா?" என்றாள் ரோஸ்மேரி. "போர்வை போடணும். கருவியைச் சுடுதண்ணியில நனைச்சு வெதுவெதுப்பாக்கணும். ஒவ்வொண்ணும் செய்யதுக்கு முன்னால சொல்லிட்டுச் செய்யணும். போதும்னு அவங்க சொன்னா அந்த நொடியே நிறுத்தணும். வாங்க, இப்ப கையுறை போடுங்க."

முதலில் பதினோரு பெண்கள் அவர் வேண்டாம் என்றார்கள். ஒவ்வொருவரிடமும் மகுடேஸ்வரன் தானே பெயரைச் சொல்லி, தான் கற்றுக்கொள்கிறவர் என்பதையும் சொல்லி, அனுமதி கேட்டார். அவர்கள் மறுத்ததும் நன்றி சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். நான்காம் நாள் தாராபுரத்திலிருந்து வந்த ஒரு வெங்காய வியாபாரி அம்மாள், அவர் பாதி சொல்லும்போதே, "அட, பாருங்க சாமி. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். மகுடேஸ்வரன் கையுறை போட்டுக்கொண்டார். ரோஸ்மேரி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். முடிந்ததும் அந்த அம்மாள், "வலிக்கலீங்க" என்று புடவையைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அன்று முழுவதும் மகுடேஸ்வரன் அந்த ஒரு வார்த்தையை நினைத்து நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்.

இதற்கு முன்பே கருத்தம்மாவின் முடிவு வந்துவிட்டிருந்தது. புற்றுநோய்தான். ஆனால் முதல் கட்டம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். அதைச் சொல்லும் பொறுப்பை ஜனனி அவரிடமே கொடுத்தார். கணவனையும் மனைவியையும் உட்காரவைத்து, மகுடேஸ்வரன் சுற்றி வளைக்காமல் சொன்னார். சொன்னபிறகு அவர்கள் பேசும்வரை காத்திருந்தார். கருத்தம்மா அழவில்லை. பாண்டித்துரைதான் அழுதார்.

"அழாதீக. உங்க காலை எடுக்கையில நான் அழுதேனா?" என்று அதட்டினாள் கருத்தம்மா. பிறகு டாக்டரிடம் திரும்பி, "எடுத்துட்டா வேலைக்குப் போலாமா சார்?" என்று கேட்டாள்.

"ரெண்டு மாசம் ஓய்வு எடுக்கணுமுங்க. அதுக்கப்புறம் போலாம்."

கோயம்புத்தூரில் ஆபரேஷன். தன் நோயாளியோடு கூடப் போவதும் பயிற்சிதான் என்று ஜனனி அன்று அவரை அனுப்பிவைத்தார். தியேட்டர் வாசலில் பாண்டித்துரையும் மகுடேஸ்வரனும் நாலரை மணி நேரம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், அவ உங்ககிட்டச் சொல்லாமப் போயிருந்தா?" என்று கேட்டார் பாண்டித்துரை ஒரு கட்டத்தில்.

"சொல்லத்தான் சொன்னாங்க. நான் கேக்காமப் போயிட்டேன். அதனாலதான் திரும்பி வந்தேன்."

பாண்டித்துரை தலையை ஆட்டினார். எழுந்து போய் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார். சர்ஜன் வெளியே வந்து, நன்றாக முடிந்தது, வேறெங்கும் பரவின மாதிரி தெரியவில்லை என்றார். ஒரு வாரத்தில் சோதனைச்சாலையும் அதையே உறுதிப்படுத்தியது. கதிர்வீச்சு தேவைப்படவில்லை. மூன்றாம் மாதம் கருத்தம்மா வேலைக்குப் போனாள். பழைய கம்பெனி அவள் இடத்தில் வேறு ஆள் போட்டிருந்தது. பூண்டி ரோட்டில் இன்னொரு கம்பெனியில் செக்கிங்குக்குச் சேர்ந்தாள்.

இரண்டு மாதப் பயிற்சி முடிந்தபோது மகுடேஸ்வரன் முப்பத்தெட்டுப் பரிசோதனை செய்திருந்தார். போதாது என்று, தன் விருப்பப் பயிற்சிக்கு ஒதுக்கிய இரண்டு வாரத்தையும் அந்த அறைக்கே கேட்டு வாங்கினார். ஐம்பத்திரண்டாவது பெண்ணிடம் ரோஸ்மேரி அறைமூலையிலேயே உட்கார்ந்திருந்தாள், அவர் பக்கத்தில் வரவில்லை. முடிந்ததும், "சரியாச் செய்தீங்க" என்று மட்டும் சொன்னாள். தலைமை டாக்டர் கையெழுத்துப் போட்டார். அடுத்து வரும் குடும்ப மருத்துவ ரெசிடென்ட்களையும் ஏழரைக்கு வரச் சொல்லுங்கள் என்று ஜனனியிடம் தகவல் சொல்லி அனுப்பினார்.

மகுடேஸ்வரனுக்கு அது போதவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைத்தானே பார்க்கிறோம், காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை நின்று வேலை செய்கிறவர்கள் எப்போது வருவார்கள் என்று ஜனனியிடம் கேட்டார். இரண்டு பேரும் பேசி முடிவு செய்ததை வீட்டில் கிருத்திகாவிடம் சொன்னார்.

"சனிக்கிழமை மத்தியானம் உன்ற கம்பெனி டைனிங் ஹால் ரெண்டு மணி நேரம் வேணும். ஜனனி மேடமும் ரோஸ்மேரி சிஸ்டரும் வருவாங்க."

"சிப்மென்ட் இருக்குதுங்க" என்றாள் கிருத்திகா.

"எந்த வாரம் இல்ல?"

அவள் ஆர்டர் நோட்டைப் புரட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு நீங்க சாப்பிடாம உக்காந்திருந்தீங்களே, அந்தம்மா யாரு?" என்று கேட்டாள்.

"அதை நான் சொல்லக் கூடாது."

"நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க."

கிருத்திகா எழுந்து போய் போனில் புரொடக்ஷன் மேனேஜரைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை மதிய இடைவேளையை இரண்டு மணி நேரமாக்கச் சொன்னாள்.

சனிக்கிழமை, டைனிங் ஹாலின் கோடியில் இருந்த சின்ன அறைக்குள் திரைகட்டி, டேபிள் போட்டு, கதவுக்கு உள்தாழ்ப்பாள் புதிதாக மாட்டியிருந்தார்கள். மகுடேஸ்வரன் வெளியே நின்று, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்த பெண்களிடம் பேசினார். எதற்காக, எவ்வளவு நேரம், யார் செய்வார்கள் என்று சொன்னார். ஆண் டாக்டர் வேண்டாம் என்றால் ஜனனி மேடம் பார்ப்பார் என்றும் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. வடநாட்டுப் பெண்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

கிருத்திகாதான் முதலில் போய் ஜனனியிடம் பெயர் எழுதினாள். அவள் திரைக்குள் போய் வெளியே வந்தபிறகு கட்டிங் பிரிவிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அப்புறம் இன்னொருத்தி. முதலாளியம்மா சொன்னார்கள் என்பதற்காக யாரும் வர வேண்டாம், விருப்பம் இருந்தால் மட்டும் போதும் என்று மகுடேஸ்வரன் நடுவில் ஒருமுறை சொன்னார். இரண்டு மணி நேர முடிவில் எண்ணிக்கை ஏழு. அதில் மூன்று பேர், இவரே பார்க்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"அறுபது பேர்ல ஏழு" என்றார் மகுடேஸ்வரன், கையுறையைக் கழற்றியபடி. ஏமாற்றத்தை மறைக்க முடியவில்லை.

"ஏழு பேர் போய்ப் பக்கத்து மெஷின்ல சொல்லுவாங்கல்லா" என்றாள் ரோஸ்மேரி.

அவர் டைனிங் ஹால் வாசலில் ஒரு தாளை ஒட்டினார். அடுத்த சனிக்கிழமைத் தேதியும் நேரமும் தமிழிலும் இந்தியிலும் எழுதியிருந்தது. கீழே பெயர் எழுத இடம் விட்டிருந்தார். வேலை முடிந்து பெண்கள் கலைந்த பிறகு போய்ப் பார்த்தார். பதினோரு பெயர் இருந்தது.